பல்லத்தான் கேட்டேன்

உக்காருங்க தம்பி, இங்கனயே உக்காருங்க. பின்னாடி சீட்டு டயருக்கு மேல வரும், குழியில எறங்குனா இடுப்பு கழண்டுரும். இந்த வண்டியில எந்தச் சீட்டு எப்பிடின்னு எனக்குத் தெரியும். நான் இந்தக் கம்பெனியிலதான் கண்டக்டரா இருந்தேன். இந்தா விசில வாயில வச்சுக்கிட்டு நிக்கானே மாரீஸ்வரன், அவன் என்கிட்ட வேலை கத்தவன். அதனால எனக்கு டிக்கெட்டு கிடையாது. எங்க ஏறுனாலும் கேக்க மாட்டான், எங்க எறங்குனாலும் கேக்க மாட்டான்.

நீங்க எங்க போகணும்? கரிசல்பட்டிக்கு ரோடு பிரியிற விலக்கா? அட, அங்கதான் என் சம்சாரம் இருக்கா. சீனித்தாய். அவ தம்பி காளிராஜ் வீட்டுல. உங்களுக்கு ஊருக்குள்ள யாரு, பம்புசெட்டு பாக்கப் போறீகளா? நல்லது நல்லது. அவ கோவிச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கா. இல்லல்ல, நான் கூப்பிடப் போகல. அத மொதல்லயே சொல்லிருதேன். நான் சும்மா காத்தாட வந்தேன். வீட்டுல ஒத்தையில உக்காந்தா நாலு சுவரும் பக்கத்துல பக்கத்துல நகர்ந்து வாரது மாதிரி இருக்கு. அதான் பஸ்ஸுல ஏறிட்டேன். அவ வருவாளா மாட்டாளான்னு இப்ப எங்க தெருவே பந்தயம் கட்டாத குறைதான்.

ஒரு சத்தம் கேக்குதா, டொக்கு டொக்குன்னு? வண்டி இல்ல தம்பி. என் வாயி. இது கட்டுன பல்லு. எல்லாம் இந்தச் சனியனால வந்தது. அவமேல ஒண்ணும் தப்பில்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆரம்பிச்சு வச்சது இந்தப் பல்லுதான்.

எனக்குப் பல்லு சின்ன வயசுலயே ஆட்டங்கண்டுருச்சு. வெத்தலை ஒருபக்கம், பொகையிலை ஒருபக்கம், போதாக்கொறைக்கு விசிலு. கை ரெண்டும் டிக்கெட்டுலயும் சில்லறையிலயும் இருக்கும், விசிலப் பல்லுலதான் கவ்வணும். கவ்விக் கவ்வி முன்பல்லு தேஞ்சுருச்சு. வேலைய விட்டு நின்னப்ப வாயில அங்கொண்ணும் இங்கொண்ணுமா நின்னுச்சு, கடைசி டிரிப்பு வண்டியில ஆளு இருக்கிற மாதிரி. அதுக்காக நான் ஒண்ணும் கவலைப்படல. சோத்தக் கொழைய வடிப்பா, கறிய நசுக்கிப் போடுவா, முறுக்க ஒரல்ல இடிச்சுக் குடுப்பா. எனக்கென்ன கொறை?

எங்க மக ஜெயராணிதான் பிடிச்சுக்கிட்டா. திருப்பூர்ல இருக்கா. புது வீட்டுக்குப் பால்காய்ச்சுனப்ப எடுத்த போட்டோவப் பூராம் பாத்துட்டு, "ஏப்பா, ஒரு போட்டோவுலயும் உன் முழு மூஞ்சி இல்லப்பா, எல்லாத்துலயும் வாயப் பொத்திக்கிட்டு நிக்க"ன்னா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டாகளாம், உங்கப்பாவுக்குப் பல்லுவலியான்னு. அவளே கோவில்பட்டியில ஒரு லேடி டாக்டரப் பாத்துப் பேசி, அவளே பணமும் கட்டிட்டா. தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காதேம்பாக. எனக்குப் பல்லே தானமா வந்துருச்சு, என்னத்தப் பிடிச்சுப் பாக்க?

போனேன். மிச்சம் இருந்ததையும் பிடுங்கிப் போட்டாக. ஈறு ஆறட்டும்னு கொஞ்ச மாசம் பொக்கை வாயோட திரிஞ்சேன். அப்புறம் அளவெடுக்கணும்னு ஒரு தட்டு நெறைய ரோஸ் கலரு மாவு வச்சு வாய்க்குள்ள அமுக்குச்சு அந்தப் பிள்ளை. தம்பி, வயித்துல இருக்கிறது பூராம் தொண்டைக்கு வந்துருச்சு. சீனிதான் வாந்தி பிடிக்க ஒரு சட்டிய ஏந்திக்கிட்டு நின்னா, முதுகத் தடவிக்கிட்டே. அப்ப அந்த டாக்டரு பிள்ளை இவளப் பாத்து, "ஏம்மா, நீங்க ஏன் முந்தானைய வாயில வச்சுக்கிட்டே பேசுறீங்க, காட்டுங்க"ன்னுச்சு. காட்டுனா. மேல ஒரு பல்லுகூட இல்ல. கீழயும் ஓரத்துல ரெண்டோ மூணோதான். எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்னா பாத்துக்கோங்க! ஒரு வார்த்தை சொல்லிருக்கா? எப்பப் போச்சுன்னு கேட்டா, "அது ஆச்சு வருசம்"ங்கிறா. பொம்பளைக அழுத்தக்காரிக தம்பி, வாயில பல்லு இல்லைங்கிறதக்கூட மறைச்சு வச்சிருவாக.

"உங்களுக்கும் கட்டிக்கிடலாமேம்மா"ன்னுச்சு அந்தப் பிள்ளை. நான்தான் சொன்னேன், "அவளுக்கு எதுக்கு டாக்டரு, அவ என்ன நாலு எடத்துக்குப் போறவளா, வீட்டுக்குள்ள கெடக்கவ"ன்னேன். அவளும் சிரிச்சா. முந்தானைய வாயில வச்சுக்கிட்டுத்தான் சிரிச்சா. சிரிச்சால்ல? அப்ப வருத்தம் ஒண்ணுமில்லைன்னுதான அர்த்தம்.

பல்லு வந்துச்சு. ஐயோ, அத ஏன் கேக்கீக. மொத நாள் போட்டதும் வாய்க்குள்ள யாரோ சாமான் செட்டோட குடி வந்த மாதிரி இருந்துச்சு. நாக்குக்குப் போக்கெடம் இல்ல. எச்சி ஊறிக்கிட்டே இருக்கு, முழுங்கி முழுங்கித் தொண்டை வலிக்கு. குழம்பு ருசி தெரியல, சுடுதா இல்லையான்னும் தெரியல. கீழ்ப்பல்லு ஒரு பக்கம் குத்திப் புண்ணாயிருச்சு. போயிச் சொன்னா, அந்தப் பிள்ளை ஒரு மிஷின வச்சு ராவி விட்டுச்சு. ராவுன எடம் சரியாச்சு, அடுத்த எடம் குத்துச்சு. "பழகணும்ங்க, கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழகும்"னு சொல்லுது. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாச் சரியாயிரும்னு ஊர்ல சொல்வாக. கடிக்கிற பல்லே கடிச்சா எதக் கடிச்சுக்கிட்டு இருக்க?

சீனி அந்தப் பிள்ளை சொன்னத ஒரு எழுத்து விடாம மனசுல ஏத்திக்கிட்டா. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா காது கூர்மை. கெட்டியா எதையும் கடிக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் சமமா வச்சு மெல்லணும், பேச்சு திருந்த தெனம் சத்தம் போட்டுப் பேப்பர் படிக்கணும். காலையில அவ வெங்காயம் உரிப்பா, நான் எதுத்தாப்புல உக்காந்து பள்ளிக்கூடத்துப் பயலாட்டம் பேப்பர் படிக்கணும். "தெளிவா இல்ல, இன்னொருக்கா"ம்பா. முப்பது வருசம் பஸ்ஸே அதுர ஊர்ப்பேரு சொன்னவன் தம்பி நான். எனக்கு இவ வாத்தியாரு.

கழுவுறதும் அவதான். அதுக்குன்னு ஒரு தனி பிரஷ்ஷு, பூ மாதிரி மெத்துன்னு. பேசின்ல தண்ணி ரொப்பி, அதுக்கு மேல பிடிச்சுத்தான் தேய்ப்பா. கை தவறி விழுந்தாலும் தண்ணியில விழணுமாம், தரையில விழுந்தா ரெண்டா உடைஞ்சுருமாம். சுடுதண்ணி ஆகாது, நெளிஞ்சுருமாம். படுக்கும்போது கழட்டி, நீல டப்பாவுல தண்ணி ஊத்திப் போட்டு வைப்பா. எங்க வீட்டுல பல்லுன்னு சொல்றது கிடையாது, 'கட்டுனது'ன்னுதான் பேரு. "கட்டுனதப் போட்டீகளா, கட்டுனதக் கழட்டுனீகளா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு நாளும் நான் கழுவுனது கிடையாது. நான் எதுக்குக் கழுவணும், அவ இருக்கால்ல.

வீட்டுக்குள்ள இப்பிடின்னா, வெளிய அதுக்கு மேல. டீக்கடைக்குப் போனா ஒவ்வொருத்தனும் காராச்சேவ நீட்டுறான். "கடிங்க மாமா, கடிங்க, சத்தம் கேக்கட்டும்"ங்கிறான். பல்லு இருக்கிறவன் பக்கோடா சாப்பிடுறான்னு சொல்வாக. எனக்குப் பல்லு இருக்கு, பக்கோடாவப் பாத்தா நடுக்கம் வருது. கடிச்சா மேல்பல்லு கழண்டு வருது, கடிக்கலைன்னா சிரிக்கான். ஒருக்கா ஒரு துஷ்டி வீட்டுக்குப் போனேன். எனக்கு வேண்டிய ஆளு, நெசமாவே மனசு கலங்கித்தான் நின்னேன். ஆனா இந்தப் பல்லு ஒதட்ட முழுசா மூட விடாது. செத்தவரு மகன் என்னைப் பாத்து, "என்ன பெரியப்பா, சிரிக்கீக?"ன்னுட்டான். நான் எங்கப்பா சிரிக்கேன், பல்லு சிரிக்கு. அதுக்குப் பெறகு அந்த வீட்டுல எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

சரி, கழட்டி வச்சுட்டுப் போவோம்னு போனா, "எங்க மாமா, அடகுக்குப் போயிருச்சா?"ங்கிறான். ஓட்டை வாயோட எத்தனையோ வருசம் அதே கடையில டீ குடிச்சேன், ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஒருக்காப் பல்லோட பாத்துட்டாகன்னா அப்புறம் பல்லு இல்லாம இருக்க விட மாட்டாக. போட்டாப் புண்ணு, கழட்டுனாச் சிரிப்பு. எலி பொறிக்குள்ள மாட்டும், எனக்கு வாய்க்குள்ள பொறி மாட்டிருச்சு. அந்த ஆத்திரத்துல வீட்டுக்கு வந்து அவளத்தான் ஏசுவேன், வேற யார ஏச? அவ டப்பாவ எடுத்துட்டுப் போயிக் கழுவ ஆரம்பிச்சுருவா.

இந்தா, மாரீஸு, அந்தம்மாவுக்குச் சில்லறை குடுக்கலை பாரு. குடுத்துட்டியா? சரி சரி.

எதுல விட்டேன்? ஆங். ஒரு நா மத்தியானம். ஈறு வலின்னு பல்ல டப்பாவுலயே விட்டுட்டு டீக்கடைக்குப் போயிருந்தேன். போன வேகத்துல திரும்பிட்டேன், கடை அடைச்சிருந்துச்சு. வாசக்கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, தள்ளிக்கிட்டு உள்ள வந்தா, இவ ரசங்கண்ணாடி முன்னாடி நிக்கா. முந்தானை வாயில இல்ல. சிரிச்சுக்கிட்டு நிக்கா. சத்தம் இல்லாம, கண்ணாடியப் பாத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கா. ஒரு நிமிசம் எனக்கு ஆளே அடையாளம் தெரியல தம்பி. பொய் சொல்லல. கல்யாணம் முடிச்ச புதுசுல பாத்த மூஞ்சி மாதிரி இருந்துச்சு. அப்புறந்தான் வெளங்குச்சு, அது என் பல்லு. என் பல்ல எடுத்து அவ வாயில போட்டுக்கிட்டு நிக்கா!

என்னைப் பாத்ததும் அப்பிடியே நின்னுட்டா. அப்புறம் திரும்பிக் கழட்டுனா, கழுவுனா, டப்பாவுல போட்டா, அடுப்படிக்குப் போயிட்டா.   எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

அந்தச் சிரிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மறுநா டீக்கடையில ஒருத்தன் வழக்கம்போல காராச்சேவ நீட்டுனான். நான் சொன்னேன், "அடப் போங்கப்பா, என் பல்லுக்கு வீட்டுல போட்டி இருக்கு, நான் இல்லாத நேரம் அவ போட்டுக்கிட்டுக் கண்ணாடி பாக்கா"ன்னேன். கடையே சிரிச்சுச்சு தம்பி! அன்னைக்குத்தான், பல்லு கட்டுன நாள்லருந்து அன்னைக்குத்தான், என்னைப் பாத்து ஒருத்தனும் சிரிக்கல. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்ல எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அதனால இன்னும் ரெண்டு மூணு தடவை சொன்னேன். அவ சிரிச்ச மாதிரி சிரிச்சும் காட்டுனேன்.

உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? தண்ணிக் குழாயில பொம்பளைக இவளப் பாத்து, "என்ன சீனி, இன்னைக்கு உன் மொறையா, அண்ணன் மொறையா?"ன்னு கேட்டிருக்காளுக. கேலிதான? மொறைக்காரிக கேக்காம யாரு கேப்பா? இவ கொடத்த அங்கனயே வச்சுட்டு வந்துட்டா. வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஏன்யா இப்பிடிச் சொன்னன்னு கேட்டிருந்தா நானும் சும்மா சிரிப்புக்குன்னு சொல்லிருப்பேன், முடிஞ்சுபோகும். கேக்கல. சோறு வச்சா. துணி தொவச்சா. பல்லக் கழுவி வச்சா. மறுநா விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம், மொத பஸ்ஸுல ஏறிட்டா. நீல டப்பாவையும் காணோம்.

அதத்தான் நான் கேக்கேன். கோவம்னா போயிக்கோ, உன் தம்பி வீடு, யாரு கேக்கப் போறா? என் பல்ல எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்? அது நான் சாப்பிடுற பல்லு. டீக்கடையில சொன்னதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடுதாக தெருவுல. ஒரு சிரிப்புக்காக எவளாவது வீட்ட விட்டுப் போவாளா? நீங்களே சொல்லுங்க.

அவ போன பெறகு பட்ட பாடு இருக்கே. சோறு வச்சா அரிசி அரிசியா நிக்கு. கஞ்சியாக் காய்ச்சுனா அடிப்பிடிக்கு. ஈறால மென்னு மென்னுப் பாத்தேன், முன்னெல்லாம் மென்னவன்தான, இப்ப முடியல. இந்த எழவெடுத்த பல்லு அதுக்குள்ள என்னையப் பழக்கிருச்சு. வெளிய போக வெக்கம், உள்ள இருக்கப் பசி. வீடு சத்தமே இல்லாமக் கெடக்கு. பேப்பர் வாசல்ல விழும், அதப் பிரிக்கப் பிடிக்காது. யாருக்குப் படிச்சுக் காட்ட?

தாங்க முடியாம காளிராஜுக்குப் போன் போட்டேன். டீக்கடையில நின்னுதான் போட்டேன், எங்க வீட்டுக்குள்ள சிக்னல் நிக்காது. சுத்தி ஆளுக. பல்லுன்னு சொன்னா அதுக்கு வேற சிரிப்பானுக. அதனால, "மாப்ள, கட்டுனத அனுப்பி விடு மாப்ள. கட்டுனது இல்லாம ஒரு வாய் சோறு எறங்கல"ன்னேன்.

இங்கதான் தம்பி விதி விளையாண்டுருச்சு. பல்லு இல்லாதவனுக்குத் 'த' வராது. நீங்க வேணும்னா நாக்கு பல்லுல படாமச் சொல்லிப் பாருங்க. வராது, காத்துத்தான் வரும். பல்லுப் போனாச் சொல்லுப் போச்சுன்னு சும்மாவா சொன்னாக? நான் 'கட்டுனத'ன்னு சொன்னேன், அவன் காதுல 'கட்டுனவள'ன்னு விழுந்திருக்கு. கட்டுனவ இல்லாமச் சோறு எறங்கல, கட்டுனவள அனுப்பி விடு. போதாததுக்கு எச்சி வழியுதுன்னு நான் மூக்கையும் வாயையும் உறிஞ்சி உறிஞ்சிப் பேச, "அழாதீக அத்தான், அழாதீக, நான் அக்காகிட்டச் சொல்லுதேன்"ங்கிறான். நான் எங்க அழுதேன்? சரி, புரிஞ்சுக்கிட்டான், பல்லு வந்துரும்னு வச்சுட்டேன்.

மறுநா காலையில அவனே கூப்பிட்டான். கொரல்ல அப்பிடி ஒரு சந்தோசம். "அத்தான், அக்கா கெளம்பிட்டா. நீங்க சொன்னதச் சொன்னேன், என்னையே பாத்தா. இன்னொருக்காச் சொல்லச் சொன்னா. இன்னொருக்காவும் சொன்னேன். காலையில எந்திரிச்சுத் தலைக்கு ஊத்தி, எங்க வீட்டுக்காரி வாங்கிக் குடுத்த பிச்சிப்பூவ வச்சுக்கிட்டு, பையக் கட்டி வாசல்ல உக்காந்திருக்கா. நீங்க வாரீகளா, நான் கொண்டாந்து விடவா?"ன்னான்.

எனக்கு ஒண்ணுமே வெளங்கல. பசி வேற. டீக்கடைக்காரன் வேற வாயப் பாத்துக்கிட்டு நிக்கான். நான் சொன்னேன், "அவள யாருப்பா கேட்டா? நான் பல்லத்தான் கேட்டேன்"னு சொன்னேன்.

அந்தக் கூறுகெட்ட பய செல்போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கான். அக்கா காதால கேக்கட்டும்னு போட்டிருக்கான். அந்தப் பக்கம் கோழி ஒண்ணு கொக்கரிச்சுச்சு, அவ்வளவுதான். பெறகு யாரோ எந்திரிச்சு உள்ள போன மாதிரி கொலுசுச் சத்தம். லைன் கட்டாயிருச்சு.

நான் என்ன தப்பாச் சொன்னேன்? உள்ளதச் சொன்னேன். பல்லத்தான கேட்டேன், பல்லக் கேட்டேன்னு சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீகளா?

அன்னைக்குச் சாயங்காலமே இந்த வண்டியில, இந்த மாரீஸு கையில ஒரு மஞ்சப்பை வந்துச்சு. உள்ள நீல டப்பா. டப்பாவுல தண்ணி, தண்ணியில பல்லு. ஏதாவது எழுதி வச்சிருப்பாளோன்னு பைய உதறிப் பாத்தேன். அவளுக்கு எழுதத் தெரியாதுங்கிறதும் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் உதறிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. ஆனா தண்ணி சுத்தமா இருந்துச்சு தம்பி. ஒரு நாளு மாத்தாம விட்டாலே வாடை வந்துரும், அம்புட்டு நாளும் மாத்தியிருக்கா. பல்லு பளிச்சுன்னு இருக்கு, தேய்ச்சிருக்கா. என்னைத் திட்டிக்கிட்டேதான் தேய்ச்சிருப்பா, ஆனா தேய்ச்சிருக்கா. அதப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. தெரு வாசல்ல வச்சே வந்துருச்சு. அன்னைக்கு அழுதேன், ஒத்துக்கிடுதேன்.

பல்லு வராம இருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்னு இப்பத் தோணுது. கேட்டது வந்துருச்சு. இனிமே எதக் கேட்டுப் போன் போட? எதச் சொல்லி அந்த வாசல்ல ஏற? காளிராஜ் சொல்லுதான், "ஒண்ணும் வேண்டாம் அத்தான், நேர்ல வந்து வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்துருவா"ன்னு. போன்னு சொன்னவன்தான தம்பி வான்னு சொல்லணும்? நான் எப்பப் போன்னு சொன்னேன்? போனவளுக்கு வரத் தெரியாதா? தெருவுல கேட்டா, நீ போடா குருவையாங்கிறாக. இம்புட்டு வருசத்துல நான் அவகிட்ட வா போன்னெல்லாம் பேசுனதே இல்ல. தண்ணி கொண்டான்னுருக்கேன், சோத்தப் போடுன்னுருக்கேன். வந்துரு சீனின்னு எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பல்லு இருந்தும் வரமாட்டேங்குது.

அதான் காத்தாட வாரேன். பல்லு வந்ததுல இருந்து தெனம் வாரேன். ஆமா, இதே வண்டிதான். கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போவேன், அப்பிடியே இதே சீட்டுல திரும்பிருவேன். விலக்கு வரும்போது எந்திரிக்கணும்னுதான் நெனைப்பேன். எத்தனை ஆயிரம் பேர எறங்கு எறங்குன்னு வெரட்டி எறக்கி விட்டிருக்கேன் அதே விலக்குல! எனக்குக் காலு எந்திரிக்க மாட்டேங்குது.

இந்தா வந்துருச்சு, கரிசல்பட்டி விலக்கு. உங்க பைய எடுத்துக்கோங்க. பாத்து எறங்குங்க, முன் படியில எறங்குங்க.

இருங்க. இருங்க தம்பி. அந்தா புளியமரத்தடியில நிக்கிறாள்ல, பச்சைச் சேலை, அவதான். திரும்பிப் பாக்காதீக. கையில பை இல்ல பாருங்க, பஸ் ஏற வரல. நேத்தும் இந்த நேரத்துக்கு நின்னா. முந்தாநாளும் நின்னா. பால் வாங்க வந்திருப்பா, இல்லைன்னா யாருக்காவது காத்துக்கிட்டு இருப்பா, கரிசல்பட்டியில இப்ப அவளுக்கு யாரு பழக்கமோ. ஜன்னல் ஜன்னலாப் பாக்கா. கொஞ்சம் இப்பிடி மறைச்சாப்புல நில்லுங்க, நான் குனிஞ்சுக்கிடுதேன்.

எறங்குங்க தம்பி, நேரமாகுது. அவ ஏதும் கேட்டா நான் வண்டியில இருந்தேன்னு சொல்லிராதீக. சொன்னாலும்... இல்ல, சொல்ல வேண்டாம்.

ஏ மாரீஸு, என்னப்பா என்னையே பாத்துக்கிட்டு நிக்க? ஆளு எறங்கியாச்சுல்ல. விசில ஊது. வண்டி போகட்டும்.